கொக்கு கொஞ்சம் காத்திருக்கட்டும்

கேள்வி: பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலரை. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. பதினோரு மணிக்கு மேல் வெளியே அனுப்ப முடியாத வெயில். போனை வாங்கி வைத்துவிட்டு ஏதாவது கைவேலை கொடுக்கலாம் என்று, தாள் மடித்து உருவம் செய்யும் ஒரிகாமி ஆரம்பித்தோம். வீடியோ பார்த்துக் கொக்கு செய்ய உட்கார்ந்தால் பாதியில் தாள் கிழிகிறது. பெரியவன் "எனக்கு வராதும்மா" என்று எழுந்து போய்விட்டான். சின்னவள் மடிப்பதே இல்லை, கசக்குகிறாள். ஒரு வாரத்தில் ஐம்பது அறுபது ஏ4 தாள் வீண். வெயில் காலத்துக்குப் பொருத்தமாக, இந்த வயதுக்குச் சுலபமாக என்னென்ன செய்யலாம்? எந்தத் தாள் நல்லது? வராத இடத்தில் நானே மடித்துக் கொடுக்கலாமா? இதனால் கணக்கு வரும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

உங்கள் பையனின் விரல்களில் ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொண்ட உருவம்தான் அவன் வயதுக்கு மிஞ்சியது. கொக்கில் ஒரு கட்டம் வரும். ஒரே ஓர் அடுக்கை மட்டும் பிடித்து மேலே தூக்க வேண்டும். தூக்கும்போதே இரண்டு பக்க ஓரங்களும் உள்ளே மடிந்து விழ வேண்டும். முன்பே போட்டு வைத்த கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையும். ஏழு வயதுப் பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு கோட்டைத்தான் கவனிக்கும். மற்றவை எங்கே போகின்றன என்று தெரியாமல் இழுக்கும்போது தாள் கிழியத்தான் செய்யும்.

எது சுலபம், எது கடினம் என்பதை மடிப்புகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு மடிப்பிலும் எது எதைத் தொட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா பாருங்கள். "இந்த மூலை அந்த மூலையைத் தொடணும்", "இந்த ஓரம் நடுக்கோட்டைத் தொடணும்" என்று சொல்ல முடிந்தால் நாலரை வயதுக்கும் வரும். "இவ்வளவு மாதிரி", "கொஞ்சம் சாய்வா" என்று நீங்கள் இழுக்க ஆரம்பித்தால் அங்கேதான் பிள்ளை தடுமாறும். பத்து மடிப்பு இருந்தும் குறி தெளிவாக இருக்கும் உருவம், குறி இல்லாத மூன்று மடிப்பு உருவத்தைவிட எளிது. கீழே சொல்லியிருக்கும் ஐந்தையும் இந்தக் கணக்கில்தான் எடுத்திருக்கிறேன். குறி இல்லாத இடங்களில் பென்சில் புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் தாள். வீட்டில் இருக்கும் ஏ4 பெரும்பாலும் 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். நாலைந்து மடிப்புக்கு அது தாராளம். அடுக்குகள் கூடக் கூட சின்ன விரலின் அழுத்தம் போதாது. ஒரிகாமி பேப்பர் என்று கடையில் கிடைக்கும் 15 செ.மீ. சதுரம் மெல்லிசாக, ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையுமாக இருக்கும். பையனுக்கு வாங்கலாம். சின்னவளுக்கு 15 செ.மீ. சிறிசு, ஏ4-இல் வெட்டிய 21 செ.மீ. சதுரம் கொடுங்கள். சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். மடித்த இடத்தில் வெடிக்கும், கையை எடுத்ததும் விரிந்துகொள்ளும். கிரேப் பேப்பரிலும் டிஷ்யூவிலும் கோடே நிற்காது. எல்லாவற்றையும்விட அருமையானது, பேப்பரோடு சேர்ந்து வரும் கடைத் திறப்பு விழா நோட்டீஸ். மெல்லிய தாள், ஒரு பக்கம் மட்டும் கலர் அச்சு, வீணானாலும் மனசு கேட்கும். வழவழப்பான கனத்த நோட்டீஸை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

சதுரம் வெட்டுவது உங்கள் வேலை. பிள்ளைகள் உட்காருவதற்கு முன்பே பத்துத் தாள் வெட்டி வைத்துவிடுங்கள். ஏ4-இன் குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தின் மேல் படியும்படி மூலைவாட்டில் மடித்தால், 8.7 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெளியே மிஞ்சும். அந்தப் பட்டையை முக்கோணத்தின் ஓரத்தை ஒட்டி முன்னும் பின்னும் மடித்து நகத்தால் தேய்த்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் சதுரம் தயார். இப்படி வெட்டினால் மூலைவாட்டுக் கோடு ஒன்று தாளில் விழுந்துவிடும். ஐஸ்கிரீமுக்கும் கப்புக்கும் அந்தக் கோடு வேண்டியதுதான்; தர்பூசணிக்கு வேண்டாம். அதற்கு இரண்டு நீள ஓரத்திலும் 21 செ.மீ. அளந்து புள்ளி வைத்து வெட்டுங்கள். வெட்டிய தாள்களில் ஒன்றை எடுத்து இரண்டு மூலைவாட்டிலும் மடித்துப் பாருங்கள். இரண்டு தடவையும் மூலையும் மூலையும் சேர்ந்தால் சதுரம் சரி. இரண்டு மில்லிமீட்டர் கோணல் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் மடிப்பிலேயே மூலைகள் சேராது, பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். "எனக்கு வராது" என்ற பேச்சு பாதி நேரம் இங்கேதான் தொடங்குகிறது.

உட்காரும் இடமும் முக்கியம். மடியிலோ மெத்தையிலோ வைத்து மடித்தால் கோடு நேராக வராது. தரையோ பரீட்சை அட்டையோ வேண்டும். ஃபேன் நேர்கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும். ஃபேனை நிறுத்தினால் கை வியர்க்கும், வியர்த்த கையில் தாள் துவண்டு போகும். சுவர் ஓரமாக, காற்று மேலே நேராக விழாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டு இருக்கட்டும், அவ்வப்போது கையைத் துடைத்துக்கொள்ள. நீங்கள் பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது அவனுக்கு இடது. அவன் பார்க்கும் பக்கத்தையே நீங்களும் பார்த்து, பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு மடிப்பை எப்படிப் போடுவது என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் ஓரத்தைத் தூக்கி மடக்கிய உடனே ஒரு முனையிலிருந்து சரசரவென்று தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். தேய்க்கும்போது தாள் நகரும், மறுமுனை கோணலாகும். வரிசை இதுதான்: பொருத்து, பிடி, நடுவில் அழுத்து, பிறகு இரண்டு பக்கமும் தேய். கீழ் ஓரத்தைத் தன்னைவிட்டு மேலே கொண்டுபோய் மேல் ஓரத்தோடு பொருத்தச் சொல்லுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் ஓரங்கள் சேரும் இடத்தைக் கையே மறைத்துக்கொள்ளும். பொருத்திய இரண்டு மூலைகளையும் ஒரு கையின் விரல்களால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுகையின் ஆள்காட்டி விரல் மடிப்பின் நடுவில் வந்து உட்கார்ந்து, அங்கிருந்து இடமும் வலமும் போக வேண்டும். கடைசியில் ஐஸ் குச்சியைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு. நகத்தால் தேய்த்தால் சின்னவளுக்கு வலிக்கும், மெல்லிய தாளும் பிய்ந்துபோகும்.

சின்னவள் கசக்குவதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கைப் பிடி முதலில் வரும், விரல் நுனிப் பிடி பிறகுதான் வரும். அவளுக்கு முதல் இரண்டு நாள் தாளே வேண்டாம், ஒரு கர்ச்சீப் கொடுங்கள். மூலையோடு மூலை வைத்து நாலாக மடிக்கட்டும். துணியில் தப்பான கோடு நிற்காது. எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து மடிக்கலாம். மூலை சேர்க்கும் பழக்கம் அதிலேயே வந்துவிடும்.

இனி உருவங்கள். அவளுக்கு முதலில் ஐஸ்கிரீம் கோன்.

சதுரத் தாளை, கோனுக்கு வேண்டிய நிறம் தரையைப் பார்க்க வையுங்கள். ஒரு மூலை வயிற்றைப் பார்த்து இருக்க வேண்டும். மூலைவாட்டுக் கோடு கீழிருந்து மேலாக நேராக ஓடட்டும். கீழ் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் கோனின் நுனி. புள்ளியிலிருந்து இடப்பக்கம் கிளம்பும் ஓரத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து அழுத்த வேண்டும், வலப்பக்க ஓரத்தையும் அப்படியே. அவ்வளவுதான், கோன் வந்துவிட்டது. கோன் நிறமாக இருக்கும், மேலே முக்கோணமாகத் தெரியும் வெள்ளைதான் ஐஸ்கிரீம். 21 செ.மீ. தாளில் அந்த முக்கோணத்தின் உயரம் 8.7 செ.மீ. வரும். தாளைத் திருப்பிப் போட்டு மேல் மூலையை ஒரு 3 செ.மீ. கீழே மடித்துவிட்டால், முன்பக்கம் பார்க்கும்போது கூர் மழுங்கி உருண்டை மாதிரி தெரியும்.

இதில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, ஓரம் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் இரண்டு மடலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். நுனியில் தாள் சேர்ந்து முட்டிக்கொண்டு பிய்யும். கோட்டுக்கு ஒரு நூல் இடம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு ஓரத்தைக் கீழ் மூலையிலிருந்தும் மற்றதை மேல் மூலையிலிருந்தும் மடிப்பது. கோனுக்குப் பதிலாகச் சாய்ந்த நாற்கோணம் வந்து நிற்கும். புள்ளி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: "ரெண்டு மடிப்பும் புள்ளியிலிருந்துதான் கிளம்பணும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். பெரியவன் செய்தால் பக்கத்து மூலைகளையும் பின்னால் மடித்து, கோனில் குறுக்குக் கோடு போட்டு முடிப்பான். வண்ணம் தீட்டுவதை எப்போதும் மடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிரேயான் பூசிய தாள் வழுக்கும், மடிக்கும் விரல் எல்லாம் நிறமாகும்.

அடுத்தது தர்பூசணிக் கீற்று. இந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செலவு ஒரு தாள், மடிப்பு மூன்று, பார்த்தவுடன் தர்பூசணி என்று தெரியும். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாகத் தாள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெள்ளையே போதும்.

சிவப்புப் பக்கம் மேலே பார்க்க, தாளை நேராக வையுங்கள். மேல் ஓரத்தின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது மேல் மூலையையும் வலது மேல் மூலையையும் சேர்த்து, உச்சியில் மட்டும் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு விரித்துவிடுங்கள். முழுவதும் மடித்தால் பழத்தின் நடுவில் கோடு விழும். பிறகு கீழ் ஓரத்தை ஒரு பட்டையாக மேலே மடிக்க வேண்டும். அது பச்சைத் தோல். 15 செ.மீ. தாளுக்கு 2 செ.மீ., 21 செ.மீ. தாளுக்கு ஏறக்குறைய 3 செ.மீ. இங்கே தொடுவதற்குக் குறி கிடையாது, அதனால் இரண்டு பக்க ஓரத்திலும் மடிக்க வேண்டிய உயரத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். மடிப்பு அந்தப் புள்ளிகள் வழியாகப் போகட்டும். இனி தாளை அப்படியே திருப்பிப் போடுங்கள், மேல் கீழ் மாறாமல். மேலே கிள்ளிய இடத்திலிருந்து கீழ் இடது மூலை வரை ஒரு சாய்வு மடிப்பு, கீழ் வலது மூலை வரை இன்னொன்று. இந்தச் சாய்வு இரண்டுக்கும் ஸ்கேலை வைத்து லேசாகக் கோடு போட்டுக் கொடுத்தால் சின்னவளும் மடித்துவிடுவாள். திருப்பினால் கீற்று. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஏழெட்டு விதை.

பட்டையின் அளவை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 15-இல் 2 போனால் உயரம் 13. அடி 15, உயரம் 13 என்றால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வந்துவிடும். அப்போது பின்னால் மடித்த மடல்களின் நுனி எதிர்ப்பக்கத்து ஓரத்தில் மிகச் சரியாக வந்து நிற்கும், கொஞ்சமும் வெளியே நீட்டாது. பட்டையை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால் நுனி இரண்டு பக்கமும் முக்கால் சென்டிமீட்டர் அளவுக்குக் காது மாதிரி வெளியே வரும். பிள்ளைகள் அதைக் கத்தரிக்கோலால் நறுக்கப் போவார்கள். நறுக்க வேண்டாம், பட்டையை அகலமாக்கினால் காது மறைந்துவிடும். பட்டை அகலமாகப் போனால் ஒன்றும் கெடாது, தோல் தடித்த பழம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விசிறியைப் பெரியவனிடம் கொடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த விசிறிதான், ஆனால் கண்ணளவில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி மடிப்பதால் ஒரு மடிப்பு ஒரு விரல் அகலமும் அடுத்தது இரண்டு விரலுமாக வந்து, கடைசியில் கோணல் மாணலாக நிற்கும். திருப்ப மறந்தால் விசிறி வராது, பாய் சுருட்டின மாதிரி சுருளும். இரண்டுக்கும் தீர்வு, கோட்டோடு கோடு சேர்ப்பது.

ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். குட்டை ஓரங்கள் இரண்டையும் சேர்த்துப் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு இரண்டு குட்டை ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து விரியுங்கள். இப்போது மூன்று கோடு, நாலு கட்டம். தாளைத் திருப்பிப் போட்டால் அந்த மூன்று கோடுகளும் வரப்பு மாதிரி மேலே தூக்கி நிற்கும். இதைப் பிள்ளையின் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இனி இடது ஓரத்தை எடுத்து முதல் வரப்பின் மேல் வைத்து அழுத்தி விரிக்க வேண்டும். முதல் வரப்பைக் கிள்ளித் தூக்கி இரண்டாவது வரப்பின் மேல் வைத்து அழுத்தி விரிக்க வேண்டும். இரண்டாவதை மூன்றாவதின் மேல். மூன்றாவதை வலது ஓரத்தின் மேல். ஒவ்வொரு இரண்டு வரப்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தானாகவே மாறி மாறி வந்துவிட்டதால், இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்ளே தள்ளினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி கூடிக்கொள்ளும். எட்டு மடிப்பு, ஒவ்வொன்றும் 3.7 செ.மீ.

இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால், திருப்புவதற்கு முன்பே இடது ஓரத்தை முதல் கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் கொண்டுபோய்த் தனித்தனியாக மடித்து விரிக்கட்டும். வலது ஓரத்தையும் அதேபோல. ஏழு கோடு கிடைக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு அதே வேலை. பதினாறு மடிப்பு, கிட்டத்தட்ட 1.9 செ.மீ. அகலத்தில். அடியில் 2 செ.மீ. விட்டு ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு பக்கமும் ஐஸ் குச்சி ஒட்டினால் பிடி. ஒரு ஏ4-இல் செய்த விசிறி கால் வட்டத்தைக்கூட எட்டாது. வளைவின் நீளம் 29.7 செ.மீ.யை மிஞ்ச முடியாதே. இரண்டு தாளைக் குட்டைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒட்டு காய்ந்த பிறகு மடித்தால் நன்றாக விரியும், காற்றும் வரும். செய்தித்தாளில் செய்தால் துவண்டு வளையும், காற்று வராது.

கப் ஏழு வயதுக்கானது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றட்டும். 21 செ.மீ. சதுரத்தை மூலைவாட்டில் முக்கோணமாக மடியுங்கள். மடித்த ஓரம் அடியில், உச்சி மேலே. இப்போது மேல் அடுக்கை மட்டும் பிடித்து, வலது சாய்வு ஓரம் அடி ஓரத்தின் மேல் படியும்படி கீழே இறக்கி, அழுத்திவிட்டு மறுபடி விரித்துவிடுங்கள். விழுந்த கோடு இடது சாய்வு ஓரத்தில் எங்கே முடிகிறதோ அங்கே பென்சில் புள்ளி. வலது மூலையை இந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்து மடிக்க வேண்டும். சரியாக வந்திருந்தால் அந்த மடலின் மேல் ஓரம், அடி ஓரத்துக்கு இணையாகப் படுத்திருக்கும். பிறகு இடது மூலையை எடுத்து, இப்போது உருவான வலது மேல் மூலைக்குக் கொண்டுவந்து மடியுங்கள். உச்சியில் இரண்டு முக்கோண மடல் மிஞ்சும். முன்னால் இருப்பதை முன்பக்கப் பைக்குள் செருகிவிட்டு, பின்னால் இருப்பதைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். இரண்டு ஓரத்தையும் லேசாக அமுக்கினால் வாய் திறக்கும்.

நிறைய பேர் அந்தப் புள்ளி வைக்கும் வேலையை விட்டுவிட்டு "மூலையை எதிர்ப்பக்கம் மடி" என்று சொல்லிவிடுகிறார்கள். வாய் சாய்ந்து, தாழ்ந்த பக்கமாகத் தண்ணீர் வழிவது இதனால்தான். அடியில் வெட்டோ ஒட்டோ இல்லாததால், தாள் ஊறும் வரைக்கும் ஒழுகாது. சாதாரண ஏ4-இல் சில நிமிடம் தாங்கும். பிளெயின் ஏ4-இல் ஒன்று, பட்டர் பேப்பரில் ஒன்று, உள்ளே மெழுகுவத்தித் துண்டால் தேய்த்தது ஒன்று என்று மூன்றைச் செய்து, எது முதலில் நனைந்து தொய்கிறது என்று பார்க்க விடுங்கள். ஒரு மத்தியானம் ஓடிவிடும். பொரியோ வேர்க்கடலையோ போட்டுத் தின்னக் கொடுப்பதாக இருந்தால் அச்சில்லாத வெள்ளைத் தாள் மட்டும்தான். நோட்டீஸும் செய்தித்தாளும் கூடாது. அச்சு மை தின்பண்டத்தில் ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் எச்சரித்திருக்கிறது.

தொப்பி மடிக்க எல்லோருக்கும் தெரியும்: நீளவாக்குத் தாளைப் பாதியாக மடித்து, மடித்த ஓரத்தின் இரண்டு மூலைகளையும் நடுவுக்கு இறக்கி, அடியில் மிஞ்சும் பட்டைகளை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக மேலே மடிப்பது. தப்பு நடப்பது அளவில். தலைச் சுற்றளவை நூல் வைத்து அளந்து, அதில் பாதியோடு 2 செ.மீ. கூட்டுங்கள், அதுதான் தாளின் அகலம். நீளம் அதைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். சுற்றளவு 52 என்றால் 28 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம். பாதியாக மடித்தால் உயரம் 20. மூலைகள் 14 இறங்கும். பட்டைக்கு 6 மிஞ்சும். முழுப் பக்கச் செய்தித்தாளை அப்படியே மடித்தால் மூக்கு வரைக்கும் இறங்கும். வியர்த்த தலையில் செய்தித்தாள் மை நெற்றியில் இறங்குவதும் உண்டு, வெயிலில் விளையாட என்றால் பிரவுன் ஷீட்டில் செய்து கொடுங்கள். ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம். அதற்குச் செய்தித்தாளில் போர்வீரனின் தலைக்கவசம் மடித்துப் பிள்ளைகள் தலையில் வைப்பது அங்கே வழக்கம். இந்தத் தொப்பி சலித்த பிறகு பையன் அதைத் தேடிப் பார்க்கட்டும்.

கப்பலை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. நாம் சின்ன வயதிலிருந்து செய்வதால் சுலபம் என்று தோன்றுகிறது. தொப்பியைத் திறந்து சதுரமாக்கிப் படுக்க வைக்கும் இடம் இரண்டு முறை வரும். அங்கே எது எதைத் தொட வேண்டும் என்பது வெளியே தெரியாது. தொப்பி கைவந்த பிறகு அதிலிருந்தே கப்பலுக்குப் போகலாம், கோடை மழைக்குள் வந்துவிடும். காத்தாடிக்குக் கத்தரியும் குண்டூசியும் வேண்டும், இந்தக் கணக்கில் அது வராது. நுங்கு வாங்கும்போது ஓலை கிடைத்து, ஓலைக் காத்தாடி பின்னத் தெரிந்த பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால், காகிதக் காத்தாடிக்கு அங்கே வேலையே இல்லை.

நீங்களே மடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு தாள் வைத்துக்கொண்டு, அவன் நிற்கும் அதே இடம் வரை மடித்து, அவன் பார்க்க மறுபடி விரித்து மடித்துக் காட்டுங்கள். சின்னவளுக்கு மட்டும் ஒரு சலுகை: அவள் வருவதற்கு முன்பே எல்லாக் கோட்டையும் மடித்து விரித்து வைத்துவிடலாம். தாள் ஒருமுறை மடிந்த இடத்தில் அதன் நார்கள் நசுங்கிவிடுவதால், அடுத்த முறை அந்த இடத்திலேயே தானாக மடியும். அவள் விரல் கொஞ்சம் விலகினாலும் தாள் வழிக்குக் கொண்டுவந்துவிடும். அதே காரணத்தால் தப்பான கோடும் மறையாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தப்புக் கோடு விழுந்துவிட்டால், திருத்தப் போராடாமல் புதுத் தாள் கொடுங்கள். பழையது கசக்க ஆகும்.

வீடியோவை நீங்கள் முன்கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். ஓடும் வீடியோவின் வேகத்துக்குக் கை ஓட முயல்வதில்தான் பொருத்திப் பிடிக்கும் பழக்கம் கெடுகிறது. பையனுக்குப் படம் பார்த்து மடிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். ஜப்பானின் அகிரா யோஷிசாவா வகுத்த குறியீடுகளைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சின்னச் சின்னக் கோடாகப் போனால் முன்பக்கம் மடி. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் பின்பக்கம் மடி. அம்புக்குறி போகும் திசையில் தாளைக் கொண்டுபோ. இந்த மூன்றும் தெரிந்தால் எந்த மொழிப் புத்தகத்தையும் பார்த்து மடித்துவிடலாம்.

கணக்கு விஷயம். தாள் மடித்தால் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வடிவியலுக்கும் தாள் மடிப்புக்கும் உறவு பழையது. 1893-இல் சென்னையில் டி. சுந்தர ராவ் தாள் மடித்தே செய்யும் வடிவியல் பயிற்சிகளை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே வெளியிட்டார். கிண்டர்கார்டன் பிள்ளைகளின் தாள் மடிப்பைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் அது தர்பூசணியிலேயே இருக்கிறது. செய்து முடித்த பிறகு மூன்று பக்கத்தையும் ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள், மூன்றும் 15. ஏன் என்று அவன் கேட்டால் பேசுங்கள். கேட்காவிட்டால் விதை போடட்டும். மடிக்கும்போது "பாதி", "கால்", "மூலை", "ஓரம்" என்ற சொற்களை நீங்கள் சரியாகச் சொன்னால் இந்த வயதுக்கு அதுவே ஏராளம்.

ஒரு தடவை உட்கார்ந்தால் சின்னவளுக்குப் பத்து நிமிடம், பெரியவனுக்கு இருபது. ஒரே உருவத்தை நாலைந்து நாள் திரும்பத் திரும்பச் செய்ய விடுங்கள். ஒரே நாளில் ஐந்தையும் முடித்தால் ஐந்தும் மறந்துபோகும்.

பையன் கொக்கை மறுபடி கேட்பான். உங்கள் உதவி இல்லாமல் கப் செய்ய வந்த பிறகு எடுங்கள், 20 செ.மீ.க்குக் குறையாத மெல்லிய தாளில். அந்த மேலே தூக்கும் மடிப்புக்கு முன்னால் நிறுத்தி, பக்க ஓரங்கள் இரண்டையும் மேல் முக்கோணத்தையும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒருமுறை மடித்து விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு இரண்டு பக்கமும் இளகியிருந்தால், தூக்கும்போது ஓரங்கள் தானாக உள்ளே விழும், கிழியாது.